ஆறாவது சிப்பாய்

சென்ற மாதம் புதிய நிர்வாக அதிகாரிகளான உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "மேடம், காண்டிராக்ட் ஆளுங்க நம்ம கம்பெனிச் சம்பள ரோல்லயே இல்லையே. அவங்களுக்கு ஏதாவது ஆனா நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?" அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டதால் அந்தத் தம்பி தப்பித்தார். பதிலை இப்போது எழுதுகிறேன். இதற்காகக் கொஞ்சம் ஜெர்மனி வரைக்கும் போய்வர வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிக்குத் தொழிற்பேட்டை வந்த புதிது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஒரு பக்கம் சவுக்குத்தோப்பு, மறுபக்கம் சிமெண்டு ஈரம் காயாத மதில்சுவர்கள். எங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகடுகளைப் பிரஸ்ஸில் கொடுத்து அழுத்தி உதிரிபாகங்கள் செய்தார்கள். பிரஸ்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நாட்டுக் கம்பெனி ஒன்று எங்களுக்குக் கூட்டாளி. நான் அங்கே தொழிலாளர் நல அலுவலர். மீஞ்சூரிலிருந்து ரயிலில் போய்வருவேன். பெண் என்பதால், கேண்டீன் சாம்பாரில் உப்புப் பார்ப்பதும் ஆயுத பூஜைக்குக் கோலம் போட ஆள் பிடிப்பதும்தான் என் வேலை என்று மேனேஜர் மனதார நம்பினார்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலையில் வருஷ விழா என்றால் நாடகம் இல்லாமல் இருக்காது. எங்கள் நாடகத்துக்கு எழுதப்படாத ஒரு சட்டம் இருந்தது. ராஜா வேஷம் ஆபீஸ்காரர்களுக்கு. மந்திரி, தளபதி, புலவர் எல்லாம் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு. சிப்பாய், பல்லக்குத்தூக்கி, ஊர்ஜனம் ஆகிய வேஷங்கள் காண்டிராக்ட் ஆட்களுக்கு. அவர்களுக்கு வசனம் கிடையாது. இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. கேண்டீனில் யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்பது எப்படித் தானாக அமைந்ததோ, அப்படித்தான் இதுவும் அமைந்தது.

அந்த வருஷம் கூட்டாளிக் கம்பெனியிலிருந்து பெரிய இன்ஜினியர் ஒருவர் விழாவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. காஸல் என்ற ஊர்க்காரர். மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்தது.

"அவங்க ஊர் ராஜா கதையையே நம்ம ஆளுங்க நடிச்சுக் காட்டினா மனுஷன் அசந்துடுவார் இல்ல? நீங்க லைப்ரரிக்குப் போய்ப் படிச்சு ஒரு நாடகமா எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

சென்னைக்குப் போய் ஒரு பழைய நூலகத்தில் உட்கார்ந்தேன். ஹெஸ்ஸே என்ற வம்சம். அதன் நாட்டை ஒரு காலத்தில் அப்பன் ராஜா செத்ததும் நான்கு பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். மூத்த பாகம் காஸல். பெரிய வளம் ஒன்றும் இல்லாத மலைநாடு. விவசாயம் செய்து வயிற்றைக் கழுவும் ஜனங்கள். ஆனால் தலைநகரத்தின் படங்களைப் பார்த்தால் கண் கூசுகிறது. மலையுச்சியில் வானத்தை முட்டும் ஒரு செப்புச் சிலை. அதன் காலடியிலிருந்து மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக விழும் செயற்கை அருவி. ஊருக்குள் ஓர் அருங்காட்சியகம். பொதுஜனமும் உள்ளே வரலாம் என்று ராஜாவே திறந்துவிட்டாராம், அதற்கு எத்தனை பக்கம் பாராட்டு!

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். விடை பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது. அந்த வம்சத்தின் தொழில் சிப்பாய்களை வாடகைக்கு விடுவது. அப்பன், மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக இதே தொழில். கிராமத்துப் பிள்ளைகளைப் பட்டாளத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, எந்த நாட்டுக்கு ஆள் தேவையோ அந்த நாட்டுக்கு மொத்தமாக அனுப்பிவைப்பார்கள். அமெரிக்காக்காரர்கள் விடுதலை கேட்டுச் சண்டை போட்டபோது அவர்களை அடக்க இங்கிலாந்து ராஜா ஆள் தேடினார். அவர் இவர்களுக்குச் சம்பந்தி வீட்டுப் பிள்ளை. கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். போனவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. குறைகிற ஆளுக்கு மாற்றாள் அனுப்பித் தொகையைச் சரிக்கட்ட வேண்டியது அனுப்பியவர் கடமை. பக்கத்து நாட்டுப் பிரபு ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், மூன்று பேருக்குக் காயம்பட்டால் ஒரு சாவுக்குச் சமம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். நஷ்டஈடு போய்ச் சேர்ந்தது காயம்பட்டவனுக்கா என்று தேடித்தேடிப் பார்த்தேன். இல்லை. பிரபுவுக்கு.

அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு நான் வெளியே வந்து நின்றது நினைவிருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ எங்கோ செய்ததற்கு எனக்கு ஏன் இப்படிக் கோபம் வருகிறது என்று எனக்கே புரியவில்லை. உங்கள் பதவிக்கு இப்போது மனிதவளம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மணல் வளம், மீன் வளம் மாதிரி அள்ளிக்கொண்டு போகலாம் போலிருக்கிறது. அந்த ராஜாவுக்கு இந்தச் சொல் கிடைத்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நான் நாடகத்தை உள்ளபடி எழுதினேன். மேனேஜர் படித்தார். சிவப்புப் பேனாவால் பாதியை அடித்தார்.

"விருந்துக்கு வர்றவர்கிட்ட அவங்க வீட்டுக் குப்பையைக் கொட்டிக் காட்டுவீங்களா மேடம்? சிலை வச்சார், அருவி விட்டார், மியூசியம் கட்டினார், ஜனங்க வாழ்த்தினாங்க. முடிஞ்சது. சிப்பாய்ங்க வரட்டும், மார்ச் பண்ணட்டும், வரிசையா நம்பர் சொல்லட்டும். அது பார்க்க நல்லா இருக்கும்."

ஆறு சிப்பாய்கள் வேண்டும் என்று காண்டிராக்டரிடம் சொன்னோம். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆரணியிலிருந்து லாரியில் ஆள் ஏற்றிவந்து எங்களுக்கும் பேட்டையில் இருந்த மற்றவர்களுக்கும் விடுகிறவர் அவர். ஆறு பேரை அனுப்பினார். பொன்னேரியில் ஒரு கல்யாண பேண்டு கோஷ்டியிடம் சிவப்புக் கோட்டுகள் வாடகைக்கு எடுத்தோம். ஆறாவதாக நின்றவர் கன்னியப்பன். நல்ல உயரம். கோட்டின் கை முழங்கையிலேயே நின்றுவிட்டதால், தையல்காரர் துணி வைத்து நீட்டிக் கொடுத்தார்.

முதல் ஒத்திகையிலேயே கன்னியப்பன் என்னிடம் கேட்டுவிட்டார். "இந்த ராஜா இம்மாம் பெரிய செலை வெக்கிறானே, அவனுக்கு டப்பு ஏது மா?"

ராஜா வேஷம் போட்ட கணக்குப்பிரிவு ஆள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேனேஜர் அடித்த பாதியைச் சிப்பாய்கள் ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். வாடகை, கப்பல், மாற்றாள், மூன்று காயத்துக்கு ஒரு சாவு, எல்லாவற்றையும்.

"இன்னா கணக்கு மா இது?" என்றார் கன்னியப்பன். "அடி பட்டவனுக்கு இன்னா குட்த்தாங்க?"

"அவனுக்கு ஒண்ணும் இல்லப்பா. ராஜாவுக்குத்தான்."

"அப்போ நம்ம காண்டிராக்டர்னு சொல்லு. செலை ஒண்ணுதான் பாக்கி." எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விழா நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் ஒத்திகைக்குப் போனேன். சிவப்புக் கோட்டு ஆறும் வரிசையாக நின்றன. மார்ச் செய்தார்கள். மந்திரி வேஷக்காரர் "எண்!" என்று கத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எல்லாம் சரியாக வந்தது. ஆனால் ஆறாவது கோட்டின் கை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவனின் விரல்கள் வெளியே தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். வேறு முகம். குள்ளமான ஒரு வாலிபன்.

"கன்னியப்பன் எங்கே?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். புதிய ஆள் பயந்துபோய்க் கோட்டுப் பித்தானைத் திருகினான். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த காண்டிராக்டர்தான் பதில் சொன்னார்.

"இன்னா மா பேஜார் பண்றே? ஆறு பேரு கேட்டே. ஆறு பேரு கீறாங்களா இல்லையா? எண்ணிக்கோ மா."

கொஞ்ச நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. முந்தின நாள் பிரஸ்ஸில் கன்னியப்பனின் வலது கை மாட்டிக்கொண்டிருக்கிறது. காண்டிராக்டர் அவரைத் துணியில் சுற்றி, லாரியில் போட்டு, பொன்னேரியில் தனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். கன்னியப்பனின் பித்தளை டோக்கனை வாங்கி, மறுநாள் காலையில் இந்தப் பையன் கையில் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறார். கேட்டில் டோக்கனின் எண்ணைத்தான் பார்ப்பார்கள், மூஞ்சியைப் பார்க்க மாட்டார்கள். அந்த எண்ணுக்குரிய ஆள் நேற்றும் வேலை செய்தான், இன்றும் வேலை செய்தான். அப்புறம் யாருக்கு அடிபட்டது? யாருக்கும் இல்லை. விபத்தே நடக்கவில்லை. நாடகத்துக்கு ஆறு பேர் கேட்டிருந்தோமே, அதற்கும் அதே பையனை அனுப்பிவிட்டார். அந்த மனிதருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. ஒத்திகை மட்டும் இல்லாமல் இருந்தால், நல அலுவலர் என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கடைசிவரை தெரிந்தே இருக்காது.

மேனேஜரிடம் ஓடினேன். அவருக்கு முன்பே தெரியும்.

"அவன் நம்ம ஆள் இல்லையே மேடம். காண்டிராக்டர் பார்த்துக்குவார். விழா முடியட்டும், பேசலாம்."

"கை போனது நம்ம பிரஸ்ல சார்."

"யார் சொன்னது? எழுதிக் குடுக்கச் சொல்லுங்க."

அதுதான் முடிச்சு. விபத்து என்று பதிவானால்தான் கன்னியப்பனைச் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியும், மிச்சக் கையையாவது காப்பாற்ற முடியும், பின்னால் ஒரு வேலை என்று கேட்க முடியும். பதிவாகாவிட்டால் அவர் வீட்டில் வைக்கோல் வெட்டும்போது கையை வெட்டிக்கொண்டவர் என்றுதான் எழுதுவார்கள். அரசாங்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்கு நானே போன் செய்தேன். "உள்ளேதான் நடந்துச்சுன்னு பார்த்தவங்க ஒருத்தர் சொல்லணுமே மேடம்" என்றார். தப்பில்லை, சட்டம் அப்படி. ஆரணிக்குப் போய்க் கன்னியப்பனின் மனைவியைப் பார்த்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது.

"சொல்லாத மா. என் தம்பியும் அந்த லாரிலதான் போய்க்கினு கீறான். அவனையும் நிறுத்திட்டா ஊட்ல அடுப்பு எரியாது."

மறுநாள் ஐந்து சிப்பாய்களையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஒருத்தர் சொன்னாப் போதும்ப்பா." அந்த ஐந்து பேரில் ஒருவர் அந்தப் பெண்ணின் தம்பியேதான். அவரும் மற்றவர்களும் வேலைக்கு நேரமாகிறது என்று நகர்ந்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் இதை இவர்கள் தலையில் கொண்டுவந்து வைத்தவர்கள்மீதுதான். பெரிய ஆபீஸும் சட்டப் புத்தகமும் மாதச் சம்பளமும் வைத்திருக்கிற நாங்கள் செய்யாததை, நாளைக்குச் சோறு நிச்சயமில்லாத ஆள் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமே, என்ன நியாயம் இது? புதிய பையன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனை நான் கேட்கவில்லை. அவன் அன்று அங்கே இல்லையே.

விழா நாள் வந்தது. முன்வரிசையில் ஜெர்மன் இன்ஜினியர், பக்கத்தில் மேனேஜர், அதற்குப் பக்கத்தில் வழக்கம்போல் அழைத்து மாலை போட்டிருந்த ஃபேக்டரி இன்ஸ்பெக்டர். காட்சிகளை ஆங்கிலத்தில் விருந்தாளிக்குச் சொல்ல என்னை அவருக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அட்டைச் சிலை எழுந்தது. நீல நிறச் சேலையை இரண்டு பேர் ஆட்ட அருவி விழுந்தது. கைதட்டல். மேளச் சத்தத்தோடு சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள்.

"எண்!" என்றார் மந்திரி.

"ஒன்று." "இரண்டு." "மூன்று." "நான்கு." "ஐந்து."

ஆறு வரவில்லை.

மந்திரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்து, "ஆறு!" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். பையன் தொங்கிக்கொண்டிருந்த கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஆறாவது ஆளு நான் இல்ல சார். கன்னியப்பன். அந்தாளு கை நம்ம பிரஸ்ல நசுங்கிப்போச்சு. பொன்னேரி ஆஸ்பத்திரில கெடக்குறாரு. அவரு டோக்கனைக் குட்த்து என்னிய அனுப்பிட்டாங்க. கோட்டும் அவரோடதுதான்."

பிறகு சிப்பாய் வரிசையில் மூன்றாவதாக நின்ற கன்னியப்பனின் மைத்துனர் தொப்பியைக் கழற்றினார். "ஆமா சார். நான் பாத்தேன். பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன்." அவர் பக்கத்தில் இருந்தவரும் "ஆமா" என்றார்.

மேனேஜர் திரையைப் போடச் சொல்லிக் கையை ஆட்டினார். விருந்தாளி என் பக்கம் திரும்பி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். "ஏதோ காமெடி சீன்னு சொல்லுங்க மேடம்" என்று மேனேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். விதிமுறைப் புத்தகம் அப்போது கைக்கு எட்டாது. யோசிக்க நேரம் இருக்காது. நான் எழுந்து நின்றேன். அந்தப் பையன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன். மைத்துனர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

ஜெர்மன்காரர் தன் ஊர் ராஜாவைப் பற்றியோ வம்சத்தைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை. மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பிரஸ்ஸில் பாதுகாப்புக் கம்பிவலை மாட்டியிருந்ததா?" உற்பத்தி வேகமாக வர வேண்டும் என்று அதைக் கழற்றி மூலையில் போட்டிருந்தது அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "பிரஸ் ஷாப் எந்தப் பக்கம்?" என்று எழுந்தார்.

விபத்து பதிவானது. கன்னியப்பனைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். மூன்று விரல்கள் போய்விட்டன, கை மிஞ்சியது. இன்ஸ்பெக்டர் விடாப்பிடியாக நின்றதால் கன்னியப்பனுக்கு ஸ்டோர்ஸில் நிரந்தர வேலை கிடைத்தது. நேரில் பார்த்ததாகச் சொன்ன இருவரையும் அரசாங்கச் சாட்சி என்பதால் காண்டிராக்டர் தொடப் பயந்தார்.

சுபம் என்று திரை போட்டுவிடாதீர்கள். என் கோபம் இனிமேல்தான் இருக்கிறது.

நாடகத்தில் முதலில் வாய் திறந்த பையன் விபத்தைப் பார்க்காதவன். அதனால் அவன் சாட்சியும் இல்லை. மறுநாள் காலையிலேயே காண்டிராக்டர் அவனிடமிருந்து டோக்கனைப் பிடுங்கிக்கொண்டார். "நீ பெரிய ஆக்டரு நைனா. கோடம்பாக்கம் போய்ச் சேரு" என்றாராம். பேட்டையில் பாதித் தொழிற்சாலைகளுக்கு ஆள் விடுகிறவர் அவர்தான். வேறு எங்கேயும் அந்தப் பையனால் நுழைய முடியவில்லை. மேனேஜரிடம் போய்ச் சண்டை போட்டேன்.

"அவனை ஏன் நிறுத்தினீங்க சார்?"

"நாங்க எங்கே நிறுத்தினோம்? அவன் நம்ம ஆளே இல்லையே. நம்ம ஆளா இல்லாதவனை நாம எப்படி மேடம் நிறுத்த முடியும்?"

அடிபட்டால் நம் ஆள் இல்லை. துரத்தினால் துரத்தவே இல்லை, ஏனென்றால் நம் ஆள் இல்லை. எவ்வளவு அழகான பூட்டு பாருங்கள்! அந்த ஹெஸ்ஸே ராஜாவாவது தான் அனுப்பிய சிப்பாய்களைத் தன் சிப்பாய்கள் என்று ஒப்புக்கொண்டார். லேபர் ஆபீசுக்கு எழுதினேன், தொழிற்சங்கத்தில் போய் நின்றேன். காண்டிராக்ட் ஆள் எங்கள் உறுப்பினர் இல்லை என்று அவர்களும் கையை விரித்தார்கள். என்னைக் கேண்டீன் பொறுப்போடு நிறுத்திவைத்தார் மேனேஜர். அது கிடக்கட்டும்.

ஊரைவிட்டுப் போகும்முன் அந்தப் பையன் என்னைப் பார்க்க வந்தான். ஆந்திராப் பக்கம் சூளூர்ப்பேட்டையில் மாமா இருப்பதாகவும் அங்கே ஏதாவது வேலை கிடைக்கும் என்றும் சொன்னான். ஏன்ப்பா பேசினாய் என்று கேட்டேன்.

"நீ அவுங்கள கேட்டப்போ நான் நின்னுகினு இருந்தேன் மா. அவுங்களுக்குப் புள்ளகுட்டி கீது. எனக்கு யாரும் இல்ல. அந்தக் கோட்டை மாட்டிகினு ஆறுன்னு சொல்றதுக்கு வாய் வரல."

அவன் பெயர் தேசப்பன். அந்த வம்சத்து வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே பெயரில் வந்த ராஜாக்களுக்குக்கூட முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசை எண் போட்டு ஒருவர் விடாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். தேசப்பனின் பெயரை நான் இங்கே எழுதிவைக்கிறேன். என்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

அவன் போன பிறகு ஒரு காலையில் கேட்டில் நின்றேன். லாரி வந்தது. ஆட்கள் குதித்து இறங்கி, டோக்கனைக் காட்டிக் காட்டி உள்ளே போனார்கள். கன்னியப்பனிடமிருந்து தேசப்பனுக்குப் போன அதே டோக்கனோடு புதிதாக ஓர் ஆள் வந்தான். நிறுத்தினேன்.

"உன் பேர் என்னப்பா?"

டோக்கனைத் திருப்பிப் பார்த்து எண்ணைப் படித்தான்.

"நம்பர் வேண்டாம்ப்பா. பேரு."

அவன் லாரிப் பக்கம் நின்ற காண்டிராக்டரைத் திரும்பிப் பார்த்தான், சொல்லலாமா என்று.